பச்சையாக நிற்கும் பயிரிலும் துங்ரோ வைரஸ்

நடவு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். பயிர் வேர் பிடித்துத் தூர் கட்டும் சமயம். வயலின் ஓர் ஓரத்தில் நாலைந்து தூர்கள் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக, இலை நுனியிலிருந்து மஞ்சளாகி, பிறகு ஆரஞ்சு நிறம் கொண்டு நிற்கும். தழைச்சத்துப் போதவில்லை என்று விவசாயி ஒரு கை யூரியாவைக் கூடுதலாகத் தூவுவார். பத்து நாளில் மஞ்சள் திட்டு பாதி வயலுக்குப் பரவிவிடும். கதிர் வரும்போது அது முழுதாக வெளியே வராது. வந்த கதிரிலும் பதரே மிகுதியாக இருக்கும். உழவு, நாற்று, நடவு, உரம் எல்லாவற்றுக்கும் பணம் போட்டுவிட்ட நிலையில் நெல்லை இழப்பது சிறு விவசாயிக்கு எளிதில் தாங்கக்கூடிய அடி அல்ல.

இது துங்ரோ என்னும் வைரஸ் நோய். பிலிப்பைன்ஸ் நாட்டு இலொகானோ மொழியில் அந்தச் சொல்லுக்கு நலிந்த வளர்ச்சி என்று பொருள். இந்தோனேசியாவில் இதனை மென்டெக், ஹபாங் என்றும், மலேசியாவில் செந்நோய் என்ற பொருளில் பென்யாகிட் மேரா என்றும் அழைத்து வந்தார்கள். நெடுங்காலம் இது மண்ணின் கோளாறு என்றே கருதப்பட்டது. 1965ஆம் ஆண்டில் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரிவேரா, ஊ ஆகிய விஞ்ஞானிகள், பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் வைரஸ் நோய் இது என்று காட்டினார்கள். இந்தியாவில் இந்நோய் இருப்பது 1967இல் உறுதி செய்யப்பட்டது. 1969இல் உத்தரப் பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களிலும், 1980களின் நடுவில் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலும் இது கடுமையாகத் தாக்கியது.

நோய் கண்ட தூரைப் பிடுங்கி எறிந்தும் நோய் நிற்பதில்லையே, ஏன்? இந்தக் கேள்விக்கு வைரஸின் மரபணுவைப் பிரித்துப் படித்த பிறகுதான் தெளிவான விடை கிடைத்தது.

ஒரு நோய், இரண்டு வைரஸ்கள்

துங்ரோ கண்ட இலையின் சாற்றை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது இரண்டு வடிவங்கள் தெரிந்தன. ஒன்று உருண்டை. மற்றொன்று இரு முனையும் மழுங்கிய குச்சி. உருண்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரே வைரஸின் இரண்டு உருவங்களோ என்ற ஐயம் சில ஆண்டுகள் நீடித்தது. இந்தோனேசியாவில் பணியாற்றிய ஜப்பானிய விஞ்ஞானி ஹிபினோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1978 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், இவை ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு தனித்தனி வைரஸ்கள் என்பது தெளிவாயிற்று.

உறவில்லை என்பதை மரபணு ஆராய்ச்சி மேலும் உறுதிப்படுத்தியது. எந்த உயிரின் மரபுச் செய்தியும் நான்கே நான்கு எழுத்துக்களைக் கொண்டு எழுதப்பட்ட நீண்ட வரி போன்றது. குச்சி வைரஸின் முழு வரியும் 1991இல் படித்து முடிக்கப்பட்டது. அதில் சுமார் 8,000 எழுத்துக்கள் மட்டுமே உள்ளன. நெற்பயிரின் வரியிலோ சுமார் 39 கோடி எழுத்துக்கள். அந்த 8,000 எழுத்துக்களில் நான்கு மரபணுக்கள் அடங்கியுள்ளன. இந்த வரி டி.என்.ஏ. என்னும் பொருளால் ஆனது, வளையமாக மூடியிருக்கும். 1993இல் உருண்டை வைரஸின் வரி படிக்கப்பட்டது. அது ஆர்.என்.ஏ.யால் ஆனது, 12,000 எழுத்துக்களுக்குச் சற்று மேல். முழு வரியிலிருந்தும் ஒரே நீண்ட புரதம் உருவாகி, பிறகு துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வைரஸின் பல வேலைகளையும் செய்கிறது. எழுதப்பட்ட பொருளும் வேறு, எழுத்து முறையும் வேறு.

குச்சி வைரஸ் பெருகும் முறை விந்தையானது. பயிரின் உயிரணுவுக்குள் சென்றதும் தன் டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கும், அந்தப் படியிலிருந்து திரும்பவும் டி.என்.ஏ.யை எழுதிக்கொள்ளும். மனிதருக்கு ஈரல் நோய் உண்டாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸும் இதே வழியில்தான் பெருகுகிறது. இந்த வேலைகளுக்கு வேண்டிய கருவிகளில் பெரும்பாலானவை பயிருக்குச் சொந்தமானவை. வைரஸை மட்டும் கொன்று பயிரைக் காக்கும் மருந்து கடையில் இல்லாததற்குக் காரணம் இதுவே. பூசணக்கொல்லியோ பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தோ துங்ரோவை ஒன்றும் செய்யாது. 2 சத யூரியாக் கரைசலைத் தெளித்தால் மஞ்சள் நிறம் ஓரளவு தெளியும்; உள்ளே இருக்கும் வைரஸ் அப்படியே இருக்கும். நிறம் திரும்பியதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

தத்துப்பூச்சியின் வாயில் நடப்பது

இரண்டு வைரஸ்களும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுள்ளன. மஞ்சள் நிறம், குட்டை வளர்ச்சி, பதர் ஆகிய நோய்க்குறிகளுக்குப் பெரும்பாலும் குச்சி வைரஸே காரணம். ஆனால் அதனால் தானாகத் தத்துப்பூச்சியில் ஏறிப் பயணம் செய்ய முடியாது. உருண்டை வைரஸ் எந்தத் துணையும் இல்லாமல் பூச்சியின் மூலம் பரவும். ஆனால் அது தனியாகத் தாக்கிய பயிரில் கண்ணுக்குப் புலப்படும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுமே இராது. சற்று வளர்ச்சி குறையலாம், அவ்வளவுதான்.

இதை ஆராய்ச்சியாளர்கள் எளிய சோதனையால் காட்டினார்கள். தத்துப்பூச்சியை முதலில் உருண்டை வைரஸ் மட்டும் உள்ள பயிரிலும், அடுத்துக் குச்சி வைரஸ் மட்டும் உள்ள பயிரிலும் சாறு குடிக்க விட்டார்கள். அந்தப் பூச்சி குச்சி வைரஸைப் பரப்பியது. வரிசையை மாற்றி, முதலில் குச்சி வைரஸ் பயிரிலும் பிறகு உருண்டை வைரஸ் பயிரிலும் விட்டபோது குச்சி வைரஸ் பரவவில்லை. அதாவது உருண்டை வைரஸ் முன்னே போய் இடம் பிடித்து வைத்தால்தான் குச்சி வைரஸுக்கு அந்தப் பூச்சியில் இடம். பூச்சி உருண்டை வைரஸைப் பரப்பும் ஆற்றலை இழந்த பின்னும்கூட இந்த உதவி சில நாள் நீடிப்பது கண்டறியப்பட்டது.

1991இல் நடந்த இன்னொரு ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவுக்குத் தன்னிடமுள்ள டி.என்.ஏ.யைச் செடிக்குள் செலுத்தும் இயல்பு உண்டு. அந்தப் பாக்டீரியாவின் வழியாகக் குச்சி வைரஸின் மரபுவரியை மட்டும் நெற்பயிருக்குள் செலுத்தினார்கள். உருண்டை வைரஸ் துளியும் இல்லாத அந்தப் பயிரில் துங்ரோ அறிகுறி தோன்றியது. ஆனால் அதிலிருந்து பூச்சி நோயை எடுத்துச் செல்ல, முன்னதாக உருண்டை வைரஸை உறிஞ்சியிருக்க வேண்டியிருந்தது.

விவசாயி கவனிக்க வேண்டிய செய்தி இங்கேதான் உள்ளது. நோயைப் பரப்ப வழி செய்யும் வைரஸ், பச்சைப் பசேலென்ற பயிருக்குள் அடையாளம் தெரியாமல் இருக்க முடியும். வயலில் மஞ்சள் தூர்களை மட்டும் பிடுங்கும்போது நோய்க்குறி தரும் வைரஸில் ஒரு பகுதி அகலும். அதற்கு வண்டி ஓட்டும் வைரஸ் பச்சைத் தூர்களில் தங்கிவிடும். இரண்டும் தாங்கிய பயிர்கூடத் தொற்று ஏறி ஒன்று இரண்டு வாரம் கழித்தே நிறம் மாறும். ஆகவே பச்சை நிறம் நோயின்மைக்கு அத்தாட்சி அல்ல.

2020இல் கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். காய்ச்சலே இல்லாதவருக்கும் தொற்று இருப்பதை அது காட்டியது. உருண்டை வைரஸும் ஆர்.என்.ஏ. வைரஸ்தான்; அதே முறையில்தான் இதையும் பச்சை இலையில் கண்டுபிடிக்கிறார்கள். டி.என்.ஏ. வைரஸான குச்சிக்குச் சாதாரண பி.சி.ஆர். போதும்.

வயலில் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. துங்ரோ தாக்கிய இலையில் மாவுச்சத்து வெளியேறாமல் தேங்கிவிடும். காலை ஆறு மணிக்கு முன் இலை நுனியைப் பத்து சென்டிமீட்டர் நீளம் வெட்டி எடுத்து, 100 மில்லி நீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்த கரைசலில் வெட்டுமுனையை 15 நிமிடம் அமிழ்த்தி வைத்து, கழுவிப் பிழிந்து பார்த்தால் கருநீலக் கோடுகள் தெரியும். மஞ்சள் நிறம் தழைச்சத்துக் குறைவாலா, துத்தநாகக் குறைவாலா, துங்ரோவாலா என்று பிரித்தறிய இது ஓரளவு உதவும். அறிகுறி தோன்றாத பயிருக்கு இதை நம்பிப் பயனில்லை.

தாளும் மறுதாம்பும்

பச்சைத் தத்துப்பூச்சி வைரஸை நெடுநாள் சுமப்பதில்லை. கொசு மலேரியாக் கிருமியைச் சுமப்பதைப் போல வைரஸ் இதன் உடலுக்குள் பெருகுவதும் இல்லை. நோயுற்ற பயிரில் அரை மணி நேரம் சாறு குடித்தால் ஏற்றிக்கொள்ளும். நாலைந்து நாளில் அந்த ஆற்றல் தீர்ந்துவிடும். இளம் பூச்சி தோல் உரித்தால் அத்துடன் போயிற்று. முட்டை வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. விதை நெல் வழியாகவும் மண் வழியாகவும் இந்நோய் பரவுவதில்லை.

அப்படியானால் ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடையில் வைரஸ் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் நெற்பயிரிலேயேதான். அறுவடைக்குப் பின் உழாமல் விட்ட தாளிலிருந்து மழை ஈரத்தில் துளிர்க்கும் மறுதாம்பு, களத்து மேட்டில் உதிர்ந்து முளைத்த நெல், ஓரமாக வளரும் பிந்திய பயிர் ஆகியவையே அதன் இருப்பிடம். சில புல் இனங்களிலும் இது காணப்பட்டாலும் நெல்லுக்கு இணையாக எதுவும் இல்லை. குறுவைத் தாள் துளிர்த்து நிற்கும் வயலுக்குப் பக்கத்தில் தாளடி நாற்றங்கால் அமைந்தால், பூச்சிக்கு நடக்கிற தூரம் கூட இல்லை. ஒரு தத்தில் வந்துவிடும்.

"பக்கத்து வயலில் தாள் அப்படியே கிடக்கிறது, நான் மட்டும் உழுது என்ன பயன்?" என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரு ஏக்கர்காரர் தனியாகச் செய்து முழுப் பலன் காண்பது கடினம். இதற்கு விடை இந்தோனேசியாவின் தென் சுலாவெசியில் கிடைத்தது. அங்கே 1972 முதல் 1975 வரை துங்ரோ பெரும் சேதம் விளைவித்தது. பூச்சி எந்த மாதத்தில் குறைவாக இருக்கிறது என்று கணக்கெடுத்து, பயிர் இளமையாக இருக்கும் காலம் அந்த மாதத்தில் வருமாறு, வட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் நடவு செய்யும் திட்டம் 1983இல் கொண்டுவரப்பட்டது. பூச்சி எதிர்ப்புத் தன்மை வெவ்வேறாக உள்ள இரகங்களைப் போகத்துக்குப் போகம் மாற்றி நட்டார்கள். அதன் பிறகு அங்கே நோய் பெரிதும் தணிந்தது. விலையுயர்ந்த மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. ஒரே வாய்க்கால் பாசனத்தில் உள்ளவர்கள் நாள் குறித்துச் சேர்ந்து செய்ததுதான். ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் ஒருவர் நாற்று விடும்போது மற்றவர் அறுத்துக்கொண்டிருக்கும் வழக்கம் உள்ள ஊர்களில், குறைந்தது நாற்றங்கால்கள் அருகருகே இருக்கும் நாலைந்து பேராவது கூடிப் பேசித் தாளை உழுது மடக்கிவிட்டு நாற்று விடுவது நல்லது.

பூச்சிமருந்து எவ்வளவு உதவும்?

நோய் தாங்கிய பூச்சி வந்து உட்கார்ந்து பத்து நிமிடம் போலச் சாறு குடித்தாலே பயிருக்கு வைரஸ் ஏறிவிடும். எந்த மருந்தும் அதற்குள் எல்லாப் பூச்சியையும் கொல்லாது. எனவே வெளியிலிருந்து வரும் முதல் தொற்றை மருந்தால் முழுக்கத் தடுக்க முடியாது. வயலுக்குள் ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குப் பரவுவதை மட்டும் குறைக்கலாம். இந்த வேறுபாட்டை அறியாமல் மஞ்சளைக் கண்டபின் மூன்று நான்கு முறை தெளித்துப் பணத்தை இழப்பவர்கள் பலர்; சிலந்தி போன்ற நன்மை செய்யும் உயிர்கள் சாவது இன்னொரு நட்டம்.

செலவைச் செய்ய ஏற்ற இடம் நாற்றங்கால். இருபது சென்ட் நாற்றங்காலுக்கு அடியுரமாக 12.5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். நாற்றில் தத்துப்பூச்சி தென்பட்டால் அப்போதே வேளாண்மை அலுவலரைக் கேட்டு, தற்போது அனுமதியிலுள்ள மருந்தைப் பரிந்துரைத்த அளவில் தெளிக்க வேண்டும். நட்ட வயலில், துங்ரோ வழக்கமாக வரும் பகுதியாக இருந்தால் தூருக்கு இரண்டு தத்துப்பூச்சி என்பதே நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லை. மற்ற இடங்களில் தூருக்கு ஐந்து வரை பொறுக்கலாம். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டினால் பூச்சி அந்த வயலைத் தேடி வரும். பிரித்து இட வேண்டும். நோய்த் தூர்களைப் பிடுங்குவதாக இருந்தால், பூச்சியைக் கட்டுப்படுத்திய பிறகே பிடுங்கிப் புதைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பயிரைக் கலைத்தால் பூச்சி பறந்து அடுத்த தூர்களில் போய் உட்காரும்.

எதிர்ப்பு இரகமும் மரபணு ஆராய்ச்சியும்

நெடுங்காலம் துங்ரோ எதிர்ப்பு இரகம் என்று வந்தவற்றில் பல, உண்மையில் தத்துப்பூச்சியை எதிர்ப்பவை. வைரஸை எதிர்ப்பவை அல்ல. பூச்சி அதில் நீண்ட நேரம் சாறு குடிக்காது என்பதால் நோய் குறையும். ஆண்டுக்கணக்கில் ஒரே இரகம் பரவலாக நடப்பட்டால் பூச்சி அதற்குப் பழகிவிடும், இரகம் தோற்றுவிடும். 1985இல் வெளிவந்த ஐ.ஆர்.64 தென்கிழக்கு ஆசியாவில் இவ்வாறே எதிர்ப்பை இழந்தது. இரகத்தை மாற்றி மாற்றி நடச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

வைரஸையே எதிர்ப்பது உத்ரி மேரா என்ற இந்தோனேசியப் பாரம்பரிய நெல். எப்படி எதிர்க்கிறது என்பது 2010இல் தெரிந்தது. புரதம் தயாரிக்கும் வேலையில் பயிருக்குத் தேவையான ஒரு கருவியை உருண்டை வைரஸும் தன் பெருக்கத்துக்குப் பயன்படுத்துகிறது. உத்ரி மேராவில் அந்தக் கருவியின் அமைப்பில் சிறிய மாறுதல் உள்ளது. பயிரின் வேலை தடையின்றி நடக்கிறது; வைரஸுக்கு மட்டும் பிடி கிடைப்பதில்லை. பூட்டில் ஒரு பல்லை மாற்றினால் பழைய கள்ளச்சாவி திறக்காதது போல. 2018இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஐ.ஆர்.64இன் அதே மரபணுவில் மரபணுத் திருத்த முறையால் சிறு மாறுதல் செய்து, உருண்டை வைரஸை எதிர்க்கும் பயிரை உருவாக்கினார்கள். உருண்டை வைரஸுக்கு இடமில்லை என்றால் குச்சி வைரஸுக்கு வண்டி கிடைப்பது அரிதாகும்.

குச்சி வைரஸை நேரடியாகத் தடுக்கும் முயற்சி டெல்லிப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. வைரஸ் வரியின் ஒரு துண்டை முன்கூட்டியே பயிருக்குள் வைத்துவிட்டால், உண்மையான வைரஸ் வரும்போது பயிர் அதை அடையாளம் கண்டு அதன் ஆர்.என்.ஏ.யைத் துண்டாக்கும். 2008இல் வெளியான முடிவுகளில் முழு எதிர்ப்பு கிடைக்கவில்லை. ஓரளவு தாங்கும் தன்மை கிடைத்தது. அந்தப் பண்பைக் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் நமது ஏ.எஸ்.டி.16 இரகத்துக்குள் கொண்டுவந்து சோதித்து, முடிவுகளை 2016இல் வெளியிட்டனர். இது ஆராய்ச்சி நிலையில் செய்யப்பட்ட சோதனை. மரபணு மாற்றிய துங்ரோ எதிர்ப்பு நெல் என்று யாராவது விதை விற்றால் வாங்கி ஏமாறக் கூடாது.

இன்னொரு செய்தியும் மரபுவரியைப் படித்ததால் தெரிந்தது. இந்தியா, வங்காளதேசம் பக்கத்துக் குச்சி வைரஸும் பிலிப்பைன்ஸ் பக்கத்துக் குச்சி வைரஸும் கணிசமாக வேறுபடுகின்றன என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே அங்கே எதிர்த்து நின்ற இரகம் இங்கேயும் நிற்கும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது. எந்த இரகத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதை வெளியூர் விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்தந்தப் பருவத்துக்கும் வட்டாரத்துக்கும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

வயலில் சந்தேகப்படும்படி மஞ்சள் கண்டால் இலை மாதிரியை அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்துக்கோ ஆராய்ச்சி நிலையத்துக்கோ எடுத்துச் செல்லலாம். காய்ந்துபோன இலை பயன்படாது. காலையில் பறித்து, ஈரத் தாளில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு அன்றே கொண்டு செல்வது நல்லது. நட்ட தேதி, இரகம், பக்கத்து வயல்களில் என்ன பயிர் எந்த வயதில் நிற்கிறது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் தூரின் இலையை ஒரு பையிலும், அதைச் சுற்றிப் பச்சையாக நிற்கும் நாலைந்து தூர்களின் இலைகளை வேறொரு பையிலும் தனித்தனியே போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.